மாமியார் கழுத்தைத் திருகிய டாக்டர்

ஊரில் உள்ள எல்லோருக்கும் வைத்தியம் பார்க்கலாம், மாமியாருக்கு மட்டும் பார்க்கக் கூடாது. மருத்துவக் கல்லூரியில் இத்தனை வருடம் படித்தும் இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தேர்விலும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதையும் தப்பாகத்தான் எழுதியிருப்பேன்.

இன்றைக்குப் பெரம்பலூரில் என்னிடம் வருகிற வயதானவர்கள் "தலை சுத்துதுங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் அவர்களைப் பரிசோதனைக் கட்டிலில் ஏற்றிவிடுகிறேன். சிலர் காலில் முள் ஏறியதற்காக வந்திருப்பார்கள். அவர்களையும் விடுவதில்லை, படுக்கையில் புரளும்போது வீடு சுற்றுகிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவேன். டாக்டர் பொறுமையாக விசாரிக்கிறார் என்று வெளியே பேசிக்கொள்கிறார்களாம். பொறுமையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பயம். அந்தப் பயத்தின் பெயர் ராஜாமணி. என் மாமியார்.

எனக்குக் கல்யாணமானபோது ஒரு தனியார் மருத்துவமனையில் டூட்டி டாக்டராக இருந்தேன். டீக்கடைக்குப் போகும்போதும் ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் போவேன். (கடைக்காரர் எனக்கென்று தனி டம்ளர் வைத்திருந்தார். மரியாதை என்று நினைத்துப் பூரித்தேன். அப்போது எனக்கு விடாத இருமல்.) பாடப்புத்தகத்தில் இல்லாத நோயே உலகத்தில் கிடையாது, புத்தகத்தில் இருப்பது அத்தனையும் என் மண்டைக்குள் இருக்கிறது என்று திடமாக நம்பிய காலம் அது.

மனைவி சுமதிக்கு ஊர் ஆண்டிமடம் பக்கம். அவள் கடைக்குட்டி, பிந்திப் பிறந்தவள். அதனால் எங்கள் கல்யாணத்தின்போதே அத்தைக்கு அறுபது தாண்டிவிட்டது. மாமனார் இல்லை. அவர் விட்டுப்போன முந்திரிக்காட்டை அத்தைதான் ஒண்டியாகக் கட்டிக் காத்துவந்தார். எந்த மரம் எந்த வருஷம் ஏமாற்றியது, எந்தக் கிளையில் கொட்டை சிறுத்தது என்று பிள்ளைகளைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்வார். மகன் இளங்கோவன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. "எங்கூட வந்துரும்மா" என்று வருஷத்துக்கு நாலு தடவை கூப்பிடுவார். காட்டை விட்டு வர முடியாது என்று அத்தையும் வருஷத்துக்கு நாலு தடவை சொல்லிவிடுவார்.

அத்தையிடம் ஒரு வழக்கம் உண்டு. மாப்பிள்ளை இருக்கிற இடத்தில் உட்கார மாட்டார். மாப்பிள்ளையிடம் நேராகப் பேசவும் மாட்டார். நான் எதிரிலேயே சாப்பிட்டுக்கொண்டிருப்பேன், "சுமதி, தம்பிக்குக் கொழம்பு போதுமான்னு கேளு" என்பார். சுமதி என்னைப் பார்ப்பாள். போதும் என்பேன். "போதுமாம்மா" என்று அவள் அதை அங்கே சேர்ப்பாள். சுமதி குளிக்கப் போயிருந்தால் அத்தை சுவரைப் பார்த்துச் சொல்வார், ஒரு தடவை கேஸ் சிலிண்டரைப் பார்த்துச் சொன்னார். அந்தப் பக்கத்தில் பழைய குடும்பங்களில் இன்னமும் இந்த மரியாதை உண்டு. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது என்பதையும் இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தபோது சுமதி வந்து காதோடு சொன்னாள். அம்மாவுக்குப் பத்து நாளாகத் தலை சுற்றுகிறதாம், உங்களிடம் சொல்லக் கூச்சப்படுகிறது என்று. எனக்குச் சந்தோஷத்தில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாமியார் வீட்டில் என் திறமையைக் காட்ட ஒரு நோய் வராதா என்று ஏங்கி, ஞாயிறுதோறும் பிபி பார்க்கும் கருவியை வண்டியில் தூக்கிக்கொண்டு திரிந்தவன் நான்.

நாற்காலியைப் போட்டு உட்காரச் சொன்னேன். அத்தை உட்காரவில்லை. சமையற்கட்டுக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு கையை மட்டும் வெளியே நீட்டினார். ஒரு நோயாளியின் கையை மட்டும் வைத்துக்கொண்டு நான் பரிசோதித்தது அன்றுதான். கதவுக்கு அந்தப் பக்கம் நோயாளி, இந்தப் பக்கம் டாக்டர், நடுவில் மொழிபெயர்ப்பாளராக என் மனைவி.

எப்போதெல்லாம் சுற்றுகிறது என்று கேட்கச் சொன்னேன். கதவுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

"காலைல படுக்கைய விட்டு எந்திரிக்கிறப்ப. சோத்தாங்கைப் பக்கம் பொரண்டு படுத்தா. பூ பிடிச்சிருக்கான்னு மரத்த அண்ணாந்து பாத்தா. கண்ண மூடிக்கிட்டுக் கொஞ்சம் நின்னா அடங்கிடுதுன்னு சொல்லு."

இதைவிடத் தெளிவாக எந்த நோயாளியும் சொல்ல முடியாது. நோயின் பெயர் ஒன்றைத்தான் அத்தை சொல்லவில்லை. பாக்கி எல்லாவற்றையும், எந்தக் காது என்பது உட்பட, வரிசையாகச் சொல்லிவிட்டார். நான்தான் காதில் வாங்கவில்லை. காதில் ஸ்டெதாஸ்கோப் இருந்தது.

பிபி கொஞ்சம் கூடுதலாக இருந்தது. மாப்பிள்ளை வந்து கையைப் பிடித்தால் யாருக்கும் ஏறத்தான் செய்யும். அதெல்லாம் எனக்கு உறைக்கவில்லை. மறுநாளே பெரம்பலூருக்கு வரவழைத்து ரத்தம், சிறுநீர், ஈசிஜி, கழுத்து எக்ஸ்ரே, மூளை ஸ்கேன் என்று ஒன்று விடாமல் எடுத்தேன். ஸ்கேன் அறையில் மேஜைமேல் படுத்ததும் தலை கிறுகிறுவென்று சுற்றுகிறது என்று அங்கிருந்தவரிடம் அத்தை சொன்னாராம். மெஷினுக்குள் போனால் அப்படித்தான் இருக்கும் என்றாராம் அவர். முன்பின் தெரியாத ஆள் எதிரில் அத்தை படுத்திருக்கிறார், ஏனென்றால் அவர் மாப்பிள்ளை இல்லை. மாப்பிள்ளையாகவும் டாக்டராகவும் இருந்த ஒரே ஆளான நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்கேன் சுத்தம். எக்ஸ்ரேயில் கழுத்தெலும்பு தேய்ந்திருந்தது. அறுபது தாண்டிய யார் கழுத்தைப் படம் எடுத்தாலும் தேய்ந்துதான் இருக்கும். எனக்கு அது போதுமானதாக இருந்தது. அந்த வாரம் இளங்கோ மச்சானும் ஊருக்கு வந்திருந்தார். எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்து (அத்தை மட்டும் நின்றார்), எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்.

"கழுத்தெலும்பு தேஞ்சு மூளைக்குப் போற ரத்தம் கொறையுது. எப்ப வேணா விழலாம். இனிமே தனியா விடக் கூடாது."

எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். என் வாழ்நாளில் நான் சொன்ன ஒரு வாக்கியத்துக்கு இவ்வளவு மதிப்புக் கிடைத்தது அதுவே முதல் தடவை. அத்தை மட்டும் ஒன்று கேட்டார். "காட்டுக்குப் போவலாமான்னு தம்பியக் கேளு." போகலாம், ஆனால் அண்ணாந்து பார்க்கக் கூடாது, குனியக் கூடாது என்றேன். முந்திரிக்காட்டில் அண்ணாந்து பார்க்காமலும் குனியாமலும் செய்யக்கூடிய வேலை ஒன்றுதான் இருக்கிறது. சும்மா நிற்பது.

கழுத்துக்கு ஒரு பட்டை வாங்கி மாட்டிவிட்டேன். தலைச்சுற்றலுக்கு மாத்திரை எழுதினேன். மாத்திரை சாப்பிட்டால் அத்தைக்குப் பகலெல்லாம் தூக்கம் தூக்கமாக வந்தது. புரண்டால் சுற்றுவது மட்டும் அப்படியே இருந்தது. குறையவில்லை என்று சுமதி சொன்னாள். மாத்திரையை இரண்டாக்கினேன்.

சித்திரையில், பட்டப்பகலில், கொல்லையில் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். வலது கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. அவரைச் சாய்த்தது என் மாத்திரை. நோய் ஒரு நிமிஷம் சுற்றவிட்டு அடங்கிவிடும், என் மாத்திரைதான் நாள் முழுக்கத் தள்ளாட விட்டது. மாவுக்கட்டைப் பிரித்தபோது மணிக்கட்டு ஒரு பக்கமாகக் கோணி நின்றுவிட்டது. இந்த இடத்தில் வேடிக்கையாக ஏதாவது சொல்லிச் சமாளிக்கப் பல தடவை பார்த்திருக்கிறேன். வரவில்லை.

"நீங்க அன்னைக்கே சொன்னீங்க மாப்ள" என்று இளங்கோ மச்சான் என் கையைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் சொன்னபடியே நடந்துவிட்டது அல்லவா. எனக்கு உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது என்பதை எழுதுகிறபோது இப்போது என்னை நானே அறைந்துகொள்ளலாம்போல இருக்கிறது. வைகாசியில் அத்தையைச் சென்னைக்குக் கூட்டிப்போனார். நாலாவது மாடி. காட்டைப் பக்கத்துக் கொல்லைக்காரர் அந்த வருஷம் பார்த்துக்கொண்டார்.

அங்கே அத்தைக்கு யாரும் குறை வைக்கவில்லை. மச்சான் தங்கமான மனுஷர், டாக்டர் சொன்னதை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தார். மாடிப்படி இறங்க விடவில்லை. தனியாகக் கடைக்கு விடவில்லை. அம்மா சோபாவில் உட்கார்ந்தபடியே தூங்குகிறதாம் என்று சுமதி ஒரு நாள் என்னிடம் கவலைப்பட்டாள். ஏசி ஒத்துக்கொள்ளாமல் இருக்கும் என்றேன். (கேட்ட உடனே பதில் சொல்லிவிடுவது எனக்கு அப்போது ஒரு வியாதி.) படுத்தால் சுற்றும் என்ற பயத்தில் ஒரு மனுஷி மாதக்கணக்கில் உட்கார்ந்தே தூங்கியிருக்கிறார். போனில் கேட்டால் நல்லாத்தான் இருக்கேன் என்று சொல்லியிருக்கிறார்.

மார்கழியில் காட்டை விற்றுவிடலாம் என்று பேச்சு வந்தது. பார்க்க ஆள் இல்லை, அம்மா இனி ஊருக்குத் திரும்பப் போவதும் இல்லை, வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றார் மச்சான். அவர் சொன்னதில் தப்பில்லை. அத்தை ஒன் இஷ்டம் என்று சொல்லிவிட்டாராம். வாங்குகிறவர் கிடைத்தார், தை பிறந்ததும் பத்திரப் பதிவு என்று நாள் குறித்தாயிற்று. சுமதி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அதே மார்கழியில்தான் லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஒரு ஹாஜியார் எங்கள் மருத்துவமனைக்கு வந்தார். எழுபது வயது இருக்கும். வாரம் இரண்டு நாள் வருகிற காது மூக்கு தொண்டை டாக்டரம்மாவைப் பார்க்க உட்கார்ந்திருந்தார். ஏதோ கையெழுத்துக்காக நான் அந்த அறைக்குள் போனேன். ஹாஜியார் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சஜ்தாவுல தரைல தலைய வச்சு நிமிந்தா பள்ளிவாசலே சுத்துதும்மா. இப்ப நாற்காலில ஒக்காந்துதான் தொழுவுறேன். மனசுல நிய்யத்து இருக்கு, ஒடம்பு விட மாட்டேங்குது."

டாக்டரம்மா எக்ஸ்ரே கேட்கவில்லை. ஸ்கேன் கேட்கவில்லை. படுக்கையில் புரண்டால் சுற்றுகிறதா என்று ஒன்று கேட்டார். ஆமாம் என்றதும் கட்டிலில் கால் நீட்டி உட்கார வைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, சட்டென்று மல்லாக்கச் சாய்த்துத் தலையைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டார். சில விநாடி கழித்து ஹாஜியாரின் கண்கள் தானாகச் சுழன்று சுழன்று துடித்தன. அரை நிமிஷத்தில் அடங்கின. "இதான்" என்றார் டாக்டரம்மா. அவ்வளவுதான் பரிசோதனை.

காதுக்குள் இருக்கும் பொடிப்பொடியான சுண்ணாம்புத் துகள் வயதானால் இடம் பெயர்ந்து போகும், தலை திரும்பும்போதெல்லாம் அது உருண்டு மூளையை ஏமாற்றும் என்று அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். நான் படித்ததுதான். எங்கேயோ ஒரு பக்கத்தில் மஞ்சள் கோடுகூடப் போட்டு வைத்திருந்தேன். அரியலூரில் பிறந்து வளர்ந்தவன் நான். சுண்ணாம்புக்கல் லாரி போகிற தூசியில் பள்ளிக்கூடம் போனவன். மாவட்டமே சுண்ணாம்பு, அது மாமியார் காதுக்குள் இருப்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை. எதற்காக அந்த அறைக்குள் போனேன் என்பது மறந்துபோய்க் கழிவறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். மாசியில் கதவுக்குப் பின்னாலிருந்து வந்த குரல் வரிக்கு வரி ஞாபகம் வந்தது. சோத்தாங்கைப் பக்கம் பொரண்டு படுத்தா.

அன்றைக்கே மச்சானுக்குப் போன் செய்தேன். அத்தைக்குக் கழுத்தில் ஒன்றும் இல்லை, காதில்தான் கோளாறு, மருந்தே இல்லாமல் சில நிமிஷத்தில் சரிசெய்துவிடலாம் என்றேன்.

"மாப்ள, போன தடவயும் இதே கொரல்லதான் சொன்னீங்க" என்றார்.

சென்னையிலேயே நல்ல காது டாக்டரிடம் காட்டுங்கள் என்று கெஞ்சினேன். பதிவு முடியட்டும், பார்க்கலாம் என்று வைத்துவிட்டார். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. நம்பிக்கைதான் போயிருந்தது.

பொங்கல் முடிந்து, பதிவுக்கு முதல் நாள் காலை ரயிலில் அரியலூர் ஸ்டேஷனில் வந்து இறங்கினார்கள். அத்தை இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். பாதியாக இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டு ஓரமாக ஒதுங்கி நின்றார். கழுத்தில் நான் மாட்டிவிட்ட பட்டை இருந்தது. பத்து மாதத்துக்கு மேலாகத் துவைத்துத் துவைத்துக் கட்டியதில் நிறமே மாறியிருந்தது. அதைப் பார்த்த நிமிஷத்தில் ஸ்டெதாஸ்கோப்பைத் தண்டவாளத்தில் போட்டுவிட்டு முந்திரிக்கொட்டை பொறுக்கப் போய்விடலாம் என்று தோன்றியது. (அந்த வேலைக்கும் கண் வேண்டும்.)

வீடு வந்து சேர்ந்ததும், வாங்குகிறவருக்கு எல்லை காட்ட வேண்டும், கூட்டிவருகிறேன் என்று மச்சான் கிளம்பினார். அரை மணி நேரம்தான் என் கையில் இருந்தது. சுமதியிடம் சொன்னேன். அவள் அம்மாவிடம் சொன்னாள். தம்பி எதிரில் படுப்பதா என்று அத்தை ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

முதலில் ஓர் ஏற்பாடு செய்தோம். நான் வெளியே நிற்பது, சுமதி உள்ளே நான் சொல்லச் சொல்லச் செய்வது. சுமதி தன் அம்மாவைத் தூளியில் குழந்தையைப் போடுவதுபோல அவ்வளவு பதவிசாகச் சாய்த்தாள். சட்டென்று சாய்த்தால்தான் துகள் உருளும். ஒன்றும் வரவில்லை. அடுத்து அத்தை ஒரு வழி சொன்னார். தம்பி உள்ளே வரட்டும், நான் முகத்தில் துண்டைப் போட்டுக்கொள்கிறேன் என்று. பரிசோதனையே கண்ணைப் பார்ப்பதற்குத்தான் என்று விளக்கினேன். துண்டில் இரண்டு ஓட்டை போடலாமா என்று சுமதி கேட்டாள். அவள் நிஜமாகத்தான் கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. கூடத்திலேயே, தூணைப் பிடித்துக்கொண்டு, மாமியார் வீட்டில், அழுதேன்.

அத்தை என்னைப் பார்த்தார். பிறகு தானே கழுத்துப் பட்டையைக் கழற்றினார்.

"கையி போச்சு. காடும் நாளைக்குப் போவப் போவுது. இனிமே என்னா மருவாதி வேண்டிக் கெடக்கு. படுக்குறேன்னு சொல்லு" என்றார்.

கூடத்தில் இருந்த இரும்புக் கட்டிலின் நடுவில் கால் நீட்டி உட்கார்ந்தார். கழுத்து அசைவதைப் பதமாகப் பார்த்துக்கொண்டேன். (இதைப் படித்துவிட்டு யாரும் உங்கள் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். படித்தவனே என்ன செய்தான் என்று பார்க்கிறீர்கள் அல்லவா.) தலையை வலது பக்கம் திருப்பி, இரண்டு கையாலும் தாங்கி, சட்டென்று சாய்த்துக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டேன்.

ஒன்றும் இல்லை. ஒரு விநாடி, இரண்டு, மூன்று. இதிலும் கோட்டை விட்டேனா? ஐந்தாவது விநாடியில் அத்தையின் கண்கள் சுழல ஆரம்பித்தன.

அப்போது நான் செய்ததை இன்று வரை யாரும் மன்னிக்கவில்லை. சிரித்தேன். வாய்விட்டு, "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று சிரித்தேன். அத்தை "வூடே கவுறுதே சுமதி" என்று அலறிக்கொண்டு என் சட்டைக் காலரை இரண்டு கையாலும் பற்றினார். சரியாக அந்த நேரத்தில் இளங்கோ மச்சான் காட்டை வாங்குகிறவருடன் வாசலில் வந்து நின்றார்.

அவர்கள் பார்த்தது இதுதான். அம்மா கட்டிலிலிருந்து தலை தொங்க அலறிக்கொண்டிருக்கிறார். மாப்பிள்ளை அவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். நாளைக்குப் பத்திரப் பதிவு.

மச்சான் பாய்ந்து வந்து என் தோளைப் பிடித்து இழுத்தார். விட முடியாது. அடுத்த நிலைக்குத் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிஷம் வைத்திருந்தால்தான் துகள் பழைய இடத்துக்குப் போகும். "இன்னும் முப்பது செகண்டு மச்சான்" என்று சொல்லிக்கொண்டே தலையை இடது பக்கம் திருப்பினேன். சுமதி குறுக்கே விழுந்து, "தொடாதண்ணே, எண்ணிக்கிட்டிருக்காரு" என்றாள். அத்தையை ஒருக்களித்துப் புரட்டி முகம் தரையைப் பார்க்கும்படி வைத்தபோது அவர் காலையில் சாப்பிட்ட இட்லி முழுவதும் என் பேன்ட்டின்மேல் வந்தது. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். வாங்க வந்தவர், "நாங்க அப்பறமா வர்றமுங்க" என்று மெதுவாகப் பின்வாங்கியது காதில் விழுந்தது.

நிமிர்த்தி உட்கார வைத்தேன். கொஞ்சம் ஆசுவாசப்படுத்திவிட்டு மறுபடி ஒரு தடவை தலையைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். மச்சான் முஷ்டியை மடக்கிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். அத்தை கண்ணைத் திறந்தபடி உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் அசையவில்லை. பத்து விநாடி ஆயிற்று. முப்பது ஆயிற்று. அத்தை வலது பக்கம் புரண்டார், இடது பக்கம் புரண்டார், மறுபடி மல்லாந்தார். ஒரு வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நிம்மதியாகப் படுத்திருக்கிறார்.

"இவ்ளதானா, சுமதி?" என்றார்.

கோபமாகக் கேட்கவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இவ்வளவுதானா என்றால் இவ்வளவுதான். ஒரு மணிக்கட்டு, ஒரு முந்திரிப் பருவம், எட்டு மாதச் சோபா, எல்லாமே இந்தச் சில நிமிஷத்துக்குள் அடங்கியிருந்தது. முதல் நாளே ஒரு தடவை சாய்த்துப் பார்த்திருந்தால் முடிந்திருக்கும். அத்தை மரியாதை கொடுத்தார், நான் அதை வாங்கிக்கொண்டு நோயை விட்டுவிட்டேன். அறைக்கு வெளியே போய், ஒரு பெண் டாக்டரை வைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தால் போதும். அதற்குக்கூட எனக்குத் தெரியாது என்று ஒரு தடவை ஒத்துக்கொண்டிருக்க வேண்டும்.

அத்தை எழுந்து யாரையும் பிடிக்காமல் காட்டுக்கு நடந்தார். நாங்கள் மூன்று பேரும் பின்னால் போனோம். தை மாதம், மரமெல்லாம் பூ விட ஆரம்பித்திருந்தது. முதல் மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அடுத்த மரத்துக்குப் போனார். இளங்கோ மச்சான் வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒண்ணுமில்லாததுக்கு அம்மாவ அடச்சு வச்சிருந்தனே மாப்ள" என்றார்.

அடைத்து வைக்கச் சொன்னவன் நான்தான் என்றேன். மறுநாள் பதிவு நடக்கவில்லை.

வாங்க வந்தவர் சும்மா இருக்கவில்லை. சொத்துக்காக மாமியார் கழுத்தைத் திருகிய டாக்டர் என்று ஆண்டிமடம் வரைக்கும் என் பேர் பரவிவிட்டது. இன்றைக்கும் அந்த ஊருக்கு வழி கேட்டுப் போனால் "கழுத்தத் திருவுன மாப்ள வூடா?" என்று கேட்டுவிட்டுத்தான் கை காட்டுவார்கள். குடும்பத்திலும் விடுவதில்லை. நான் தர்பூசணி வாங்கி வந்தாலும், பழைய கார் பார்த்துவிட்டு வந்தாலும், சொந்தத்தில் ஒரு பெண்ணுக்கு மாப்பிள்ளை நல்லவர் என்று சொன்னாலும், உடனே யாராவது கேட்பார்கள், தலையத் தொங்கப் போட்டுப் பாத்தாச்சா என்று. முதலில் ஆரம்பித்து வைத்தது மச்சான்தான். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன்.

காட்டை அத்தைதான் இப்போதும் பார்த்துக்கொள்கிறார். கோணிய மணிக்கட்டால் தொரட்டியை உயர்த்திப் பிடிக்க முடிவதில்லை. அதற்கு ஓர் ஆள் வைத்திருக்கிறார். அந்த ஆள் கிளையை உலுக்கும்போது அத்தை கீழே நின்று, அந்தக் கொப்பு, இந்தக் கொப்பு என்று இடது கையால் காட்டுவார். அதைப் பார்க்கும்போதெல்லாம் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

இந்த நோய் திரும்ப வரக்கூடியது. போன வருஷம் ஒரு திங்கட்கிழமை, வெளிநோயாளிகள் கூட்டம் நெரிந்துகொண்டிருந்த நேரத்தில், அடுத்த ஆளை வரச் சொன்னேன். அத்தை உள்ளே வந்தார். தனியாக பஸ் ஏறி வந்து, வரிசையில் உட்கார்ந்து டோக்கன் வாங்கியிருக்கிறார். நான் பதறி எழுந்தேன். நாற்காலியைக் காட்டினேன். மாப்பிள்ளை எதிரில் அத்தை நாற்காலியில் உட்காரவில்லை. நேராகப் பரிசோதனைக் கட்டிலுக்குப் போய், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து, கொண்டையை அவிழ்த்து, புடவையைச் சரிசெய்துகொண்டு ஏறி உட்கார்ந்தார். கோணிய கையால் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்ற நர்ஸைப் பார்த்தார்.

"இந்தத் தடவ எடது பக்கம். தம்பியத் திருவச் சொல்லும்மா" என்றார்.